மின்னியல் மேதை மைக்கேல் பாரடே

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன், குளத்தூர்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்து உள்நாட்டிற்குள் புகுந்தது. அன்று நம் புதுக்கோட்டை மாவட்டம் பட்ட பாட்டை நம்மில் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து வயல்களில் கிடந்தன. அப்போது நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். குளத்தூரில் எங்கள் தெரு பல இரவுகள் இருளில் மூழ்கிக் கிடந்தது.

என் தாய்மாமன் சிறு லோடு வண்டி ஒன்று வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் குட்டியானை என்று சொல்வார்களே, அதுதான். வழக்கமாக ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வருபவர். புயலில் படகு உடைந்துபோன ஒரு மீனவர், அப்படகிலிருந்த பாட்டரியை மாமாவிடம் கொடுத்து, படகு சரியாகும் வரையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாமா அதை வண்டியின் பின்புறத்தில் வைத்து, இரண்டு வயர்களை இழுத்து வண்டியின் பாட்டரியோடு இணைத்தார். பகலில் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்குமாகச் சரக்கு ஏற்றி ஓடும்போது படகு பாட்டரியில் சார்ஜ் ஏறும். இரவில் அது எங்கள் வீட்டில் விளக்கெரிக்கும். தெருவிலுள்ளோரின் கைபேசிகளுக்கும் உயிர் கொடுக்கும். இதுவே ஏற்பாடு.

முதல் நாள் இந்த ஏற்பாடு பலிக்கவில்லை. பகலெல்லாம் ஓடியும் பாட்டரியில் கால்பங்கு கூட ஏறவில்லை. இரண்டாம் நாள் இணைப்பைக் கழற்ற மறந்து இரவு முழுவதும் விளக்கெரித்ததால், விடிந்தபோது வண்டியின் பாட்டரியும் சேர்ந்து தீர்ந்துபோயிருந்தது. வண்டியை ஐந்தாறு பேர் சேர்ந்து தள்ளிக் கிளப்பினோம். மூன்றாம் நாள் புதுக்கோட்டையில் முதியவரான ஓர் ஆட்டோ எலெக்ட்ரீசியன் எல்லாவற்றையும் பிரித்து வேறு விதமாக மாட்டிக் கொடுத்தார். அதன்பின் கரண்ட் திரும்பும் வரையில் எங்கள் வீட்டில் வெளிச்சத்திற்குக் குறைவிருக்கவில்லை.

ஓடுகின்ற வண்டி எப்படி மின்சாரம் தருகிறது? எஞ்சின் நின்றால் ஏன் தருவதில்லை? பாட்டரிக்குள் ஏறுகிற அந்தச் சார்ஜ் என்பதுதான் என்ன? அன்று என் மனத்தில் எழுந்த இக்கேள்விகளுக்கு விடை சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. என் பெற்றோர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். நான் கல்லூரிக்கு வந்து மின்னியல் படித்தபோதுதான் மூன்று கேள்விகளுக்கும் உரிய விடைகள் ஒரே மனிதரின் ஆய்வுக் குறிப்பேடுகளில் இருப்பதை அறிந்தேன். அந்த மனிதரும் பள்ளிப் படிப்பை முடிக்காதவரே என்று அறிந்தபோது என் வியப்பு இருமடங்காயிற்று. அவர்தாம் மைக்கேல் பாரடே. அவருடைய வாழ்க்கையைக் கல்லூரித் தோழர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏழைக் கொல்லரின் மகன்

மைக்கேல் பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், லண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாரடே இரும்படிக்கும் கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வந்தவர். தாயார் மார்கரெட். நான்கு குழந்தைகளில் மைக்கேல் மூன்றாமவர். தந்தையாருக்கு உடல்நலம் சரியில்லை. நாள்தோறும் உலையின் முன் நிற்க அவரால் இயலவில்லை. ஆகவே குடும்பத்தில் எப்போதும் பற்றாக்குறைதான். 1801ஆம் ஆண்டில் தானிய விலை வெகுவாக ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கென்று ஒரே ஒரு ரொட்டி கொடுக்கப்பட்டதாம். அதைப் பங்கு பிரித்து ஏழு நாட்களும் ஓட்ட வேண்டும். எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும், பள்ளிக்கூடம் அவருக்குத் தந்தவை இவ்வளவே.

குடும்பத்தார் சாண்டிமேனியர் என்னும் சிறிய கிறித்தவ சபையைச் சார்ந்தவர்கள். ஆடம்பரத்தையும் பொருள் சேர்ப்பதையும் விரும்பாத சபை அது. இந்த எளிமை பாரடேயின் கடைசி நாள் வரையில் அவரை விட்டு நீங்கவில்லை.

புத்தகக் கடையே பள்ளிக்கூடம்

1804ஆம் ஆண்டில், ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பாரடே எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டுசேர்ப்பது வேலை. மறு ஆண்டு அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்க ஏழாண்டு ஒப்பந்தத்தில் அமர்ந்தார். அங்கு வந்த மற்றவர்கள் புத்தகத்தின் முதுகைப் பார்த்தார்கள். பாரடேயோ உள்ளேயும் பார்த்தார். கலைக்களஞ்சியம் ஒன்று கட்டுவதற்காக வந்தபோது அதில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலையும் படித்தார். படித்ததோடு நிற்காமல், கையிலிருந்த சில்லறைக் காசுக்குள் வாங்க முடிந்த பொருள்களைக் கொண்டு, படித்தது மெய்தானா என்று தாமே செய்து பார்த்தார். கடைக்காரர் ரீபோ இதைத் தடுக்கவில்லை, ஊக்குவித்தார்.

அக்காலத்தில் டேட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை நேரங்களில் அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தம்பிக்காக அந்தக் காசைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். அவரும் கொல்லரே. நம்மில் பலரைப் படிக்க வைக்க அண்ணனோ அக்காளோ தம் படிப்பை விட்டு வேலைக்குப் போனதை நாம் அறிவோம். ஆகையால் ராபர்ட்டின் பெயரையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1812ஆம் ஆண்டில் பாரடே தம் முதல் பாட்டரியைச் செய்தார். இத்தாலிய அறிஞர் வோல்டா 1800இல் உலகுக்குக் காட்டிய முறை அது. ஏழு செப்புக் காசுகள், ஏழு துத்தநாக வில்லைகள், இடையிடையே உப்பு நீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகள், இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அந்தச் சிறிய அடுக்கின் மின்சாரத்தால் ஓர் உப்புக் கரைசலைப் பிரித்தும் காட்டினார். அப்போது அவருக்கு வயது 20. இன்று எனக்கும் அதே வயது.

டேவியின் உதவியாளர்

அதே ஆண்டில் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் நடைபெறும் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். பேசியவர் சர் ஹம்ப்ரி டேவி. சோடியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்களை மின்சாரத்தால் பிரித்தெடுத்துப் புகழ் பெற்ற வேதியியல் அறிஞர். பாரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். வீட்டிற்கு வந்து அவற்றைத் தெளிவாக எழுதிப் படங்களும் வரைந்தார். ஏறக்குறைய 300 பக்கங்கள் வந்த அதைத் தம் கையாலேயே அழகாகக் கட்டி, வேலை கேட்டு ஒரு கடிதத்துடன் டேவிக்கு அனுப்பினார். புத்தகம் கட்டத் தெரிந்தவர் தம் தொழிலையே சிபாரிசுக் கடிதமாக ஆக்கிக்கொண்டார் என்று சொல்லலாம்.

உடனே இடம் கிடைக்கவில்லை. பின்னர் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் நீக்கப்படவே, 1813 மார்ச் 1ஆம் நாள் பாரடே அப்பணியில் அமர்ந்தார். வாரச் சம்பளம் 25 ஷில்லிங். கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது பாரடேயையும் உடன் அழைத்துச் சென்றார். பிரான்சிலும் இத்தாலியிலும் பெரிய அறிஞர்களைக் காணும் பேறு வாய்த்தது. 1814இல் மிலான் நகரில் முதியவரான வோல்டாவையே நேரில் சந்தித்தார். ஆனால் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து பாதியிலேயே திரும்பிவிடலாமா என்றும் பாரடே எண்ணினார். கற்க வேண்டியது மிகுதி என்பதால் பொறுத்துக்கொண்டார். 1815 ஏப்ரலில் லண்டன் திரும்பியபோது, கல்லூரி வாசலை மிதிக்காத அந்த இளைஞர் ஐரோப்பா முழுமையையும் கல்லூரியாக்கிக் கொண்டு வந்திருந்தார்.

சுழன்ற கம்பி

1820இல் டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உறவுண்டு என்பது அன்று வெளியாயிற்று. 1821 செப்டம்பரில் பாரடே, பாத்திரத்தில் பாதரசத்தை ஊற்றி, அதன் நடுவே காந்தம் ஒன்றை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரத்தால் தொடர்ந்து சுழலும் இயக்கம் அன்றுதான் பிறந்தது. சாவியைத் திருகியவுடன் மாமாவின் வண்டியில் உறுமும் ஸ்டார்ட்டர் மோட்டார் அதன் வழித்தோன்றலே.

இந்த வெற்றி அவருக்கு மனவேதனையையும் கொண்டுவந்தது. இதே துறையில் முயன்றுகொண்டிருந்த உல்லாஸ்டன் என்ற மூத்த அறிஞரின் கருத்தை, அவர் பெயரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டார் என்று சிலர் பேசினர். 1824இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகப் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தேர்வை எதிர்த்தவர், அவரைக் கைதூக்கிவிட்ட டேவியே. ஆயினும் டேவி தமக்குச் செய்த நன்மையைப் பாரடே வாழ்நாள் முழுவதும் நன்றியுடனேயே நினைவுகூர்ந்தார்.

மாற்றமே மின்சாரம்

மின்சாரத்திலிருந்து காந்தம் வருமானால் காந்தத்திலிருந்து மின்சாரம் வரக்கூடாதா? இதுவே பாரடேயின் உள்ளத்தைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. 1825இல் முயன்றார், விளைவு ஏதுமில்லை. பின்னரும் முயன்றார், பலனில்லை. ஆறாண்டுகள் கழித்து 1831 ஆகஸ்ட் 29ஆம் நாள், ஆறு அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனிச் செப்புக் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளைப் பாட்டரியுடன் இணைத்தார். மறு சுருளுடன் இணைந்த கம்பியின் அருகே காந்த ஊசியை வைத்தார். இணைத்த கணத்தில் ஊசி துள்ளியது, பின் அடங்கிவிட்டது. பாட்டரியைத் துண்டித்த கணத்தில் மறுபடியும் துள்ளியது. இடையில் மின்னோட்டம் சீராகப் பாய்ந்துகொண்டிருந்தபோது எவ்வித அசைவும் இல்லை.

முன்னர் முயன்றவர்கள் தவறவிட்டது இதைத்தான். அவர்கள் நிலையான காந்தத்திலிருந்து நிலையான மின்சாரத்தை எதிர்பார்த்தார்கள். காந்தம் இருந்தால் மட்டும் போதாது, அது மாற வேண்டும் என்பதைப் பாரடே அந்தத் துள்ளலில் கண்டுகொண்டார். அக்டோபர் 17ஆம் நாள் கம்பிச் சுருளுக்குள் காந்தச் சட்டம் ஒன்றை வேகமாக நுழைத்தார், மின்னோட்டம் பிறந்தது. வெளியே இழுத்தார்; எதிர்த் திசையில் மின்னோட்டம் பிறந்தது. அக்டோபர் 28ஆம் நாள் ராயல் சொசைட்டியின் பெரிய காந்தத்தின் துருவங்களுக்கிடையே செப்புத் தட்டு ஒன்றைச் சுழற்றித் தொடர்ந்து பாயும் மின்னோட்டத்தைப் பெற்றார். அதுவே உலகின் முதல் டைனமோ. நவம்பர் 24ஆம் நாள் ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது.

ஓடும் வண்டி ஏன் மின்சாரம் தருகிறது என்ற என் முதல் கேள்விக்கு விடை இதுதான். எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த ஆல்டர்னேட்டரில் ஒரு மின்காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றியுள்ள செப்புச் சுருள்களுக்குள் காந்தப்புலம் இடைவிடாது மாறிக்கொண்டேயிருக்கிறது. மாறுவதால் மின்சாரம் பிறக்கிறது. அது மாறுதிசை மின்னோட்டமாகப் பிறப்பதால் டயோடுகள் அதை நேர்த்திசையாக்குகின்றன. ரெகுலேட்டர் அதை ஏறத்தாழ 14 வோல்ட்டில் நிறுத்துகிறது. எஞ்சின் நின்றால் சுழற்சி நிற்கும், மாற்றம் நிற்கும், மின்சாரமும் நிற்கும். இரண்டாம் கேள்விக்கும் விடை அதுவே.

ஏறிய சார்ஜுக்குக் கணக்கு

மூன்றாம் கேள்வி எஞ்சியிருக்கிறது. பாட்டரிக்குள் ஏறுவது என்ன? இதற்கும் பாரடேயிடமே செல்ல வேண்டும். 1832 முதல் 1834 வரையில் அவர் கரைசல்களின் வழியே மின்சாரத்தைப் பாய்ச்சி, பிரிந்து வரும் பொருள்களை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்ந்த மின்சாரம் எவ்வளவோ அதற்கு நேர் விகிதத்தில் பொருள் மாறுகிறது என்றும், ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு பொருள்களை அவற்றின் சமான எடை விகிதத்தில் மாற்றுகிறது என்றும் நிறுவினார். நாம் பாடத்தில் படிக்கும் மின்னாற்பகுப்பு விதிகள் இவையே. இத்துறைக்கு உரிய பெயர்களே அன்று இல்லை. ஹியூவெல் என்ற அறிஞரைக் கலந்துகொண்டு, 1834இல் நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி, மின்பகுளி என்பவற்றுக்கான பெயர்களை உலகிற்குத் தந்தவரும் பாரடேயே.

வோல்டாவின் அடுக்கில் துத்தநாகம் தீர்ந்தால் பாட்டரியும் தீர்ந்தது. மீண்டும் ஏற்ற வழியில்லை. 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, தீர்ந்த பின் மீண்டும் ஏற்றிக்கொள்ளத்தக்க பாட்டரியைச் செய்தார். படகிலும் வண்டியிலும் நாம் காண்பது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பாட்டரி தீரும்போது இரு தகடுகளிலும் ஈயச் சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது ஒரு தகட்டில் ஈயமாகவும் மறு தகட்டில் ஈய டைஆக்சைடாகவும் மீள்கிறது. ஆகவே நாம் ஏற்றுவது தொட்டியில் தண்ணீர் நிரப்புவது போன்றதன்று. உள்ளே ஒரு பொருளை மற்றொரு பொருளாக மாற்றும் வேலை.

அந்த வேலையின் அளவைப் பாரடேயின் விதியைக் கொண்டு நாமே கணக்கிடலாம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 3,600 கூலும். ஈயத்தின் அணு எடை ஏறத்தாழ 207. அதன் இணைதிறன் இங்கு 2. ஒரு பாரடே என்பது ஏறத்தாழ 96,500 கூலும். கணக்கிட்டால் ஓர் அறையின் எதிர்மின் தகட்டில் சுமார் 3.86 கிராம் ஈயம் மீள்கிறது. 100 ஆம்பியர் மணிப் பாட்டரி ஒன்று பாதி தீர்ந்திருந்தால் 50 ஆம்பியர் மணி ஏற்ற வேண்டும். அதற்கு ஒவ்வோர் அறையிலும் சுமார் 193 கிராம் ஈயம் மீள வேண்டும். 12 வோல்ட் பாட்டரியில் அறைகள் ஆறு. ஆக ஒரு கிலோவுக்கும் மேல்! பாட்டரி ஏற இவ்வளவு நேரமாவது ஏன் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

கம்பியின் ஒரு முனையில் ஆல்டர்னேட்டர். மறு முனையில் பாட்டரி. ஒன்று மின்காந்தத் தூண்டல், மற்றொன்று மின்னாற்பகுப்பு. இரு முனைகளிலும் ஒரே மனிதர் நிற்கிறார் என்றால் அது மிகையாகாது.

படகும் கலங்கரை விளக்கமும்

பாட்டரிக்கும் படகுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததன்று. 1838இல் ரஷ்யாவில் நேவா ஆற்றில், மோரிட்ஸ் யக்கோபி என்பவர் பாட்டரியால் மோட்டாரை இயக்கி, பத்துப் பேருக்கு மேல் ஏற்றிய படகைச் செலுத்திக் காட்டினார். மறு ஆண்டு தம் முயற்சியைக் கடிதமாக எழுதி அவர் தெரிவித்தது பாரடேக்குத்தான்.

பாரடேயும் கடலோடிகளுக்காக உழைத்தவர். 1836 முதல் டிரினிட்டி ஹவுஸ் என்னும் கலங்கரை விளக்க நிர்வாகத்திற்கு அறிவியல் ஆலோசகராகப் பணிபுரிந்தார். எண்ணெய் விளக்குகளின் புகை கண்ணாடியில் படியாதிருக்க வழி கண்டார். பின்னர், தாம் 1831இல் கண்ட தத்துவத்தைக் கொண்டு ஹோம்ஸ் என்பவர் அமைத்த நீராவி மின்னாக்கியை, கலங்கரை விளக்கத்தில் வைத்துச் சோதிக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. 1858 டிசம்பரில் சௌத் போர்லண்ட் கலங்கரை விளக்கத்தில் மின்சார விளக்கு ஒளிர்ந்தது. 1860ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சாலையைப் பனி மூடியிருந்தபோது, 68 வயதில் வேலிகளையும் வயல்களையும் கடந்து நடந்தே அவ்விளக்கத்தை அடைந்து பரிசோதித்தார். ஆய்வுக்கூடத்தில் ஓர் ஊசியின் துள்ளலாகத் தொடங்கியது, அவர் கண்முன்னேயே நடுக்கடலில் செல்வோருக்கு வழிகாட்டும் ஒளியாயிற்று.

மனிதர் பாரடே

1821இல் சாரா பர்னார்டு என்ற அம்மையாரை மணந்தார். குழந்தைகள் இல்லை. ராயல் இன்ஸ்டிடியூஷனின் மாடியிலேயே நீண்ட காலம் வாழ்ந்தனர். தொழிற்சாலைகளுக்கு ஆய்வு செய்து கொடுத்துப் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம். ஆராய்ச்சிக்கு நேரம் போதாதென்று அதைக் குறைத்துக்கொண்டார். சர் பட்டத்தை ஏற்க மறுத்தார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியையும் மறுத்தார். வறுமையில் பிறந்தவர்கள் பணத்தையும் பட்டத்தையும் மறுப்பது எளிதன்று. அதனாலேயே இதை நான் அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு அடுத்தபடியாக மதிக்கிறேன்.

குழந்தைகளுக்கென்று நடந்த கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைப் பத்தொன்பது முறை அவரே நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் விளக்கிய சொற்பொழிவுத் தொடர் நூலாகி இன்றும் படிக்கப்படுகிறது.

அவருக்கு உயர்கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் காட்டும் கோடுகளை மனக்கண்ணால் கண்டு, அவற்றின் வழியே சிந்தித்தார். அக்கோடுகளைச் சில அறிஞர்கள் மதிக்கவில்லை. ஆனால் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவற்றுக்குக் கணித வடிவம் தந்து, ஒளியும் மின்காந்த அலையே என்னும் முடிவிற்கு 1860களில் வந்தார். முதுமையில் பாரடேயின் நினைவாற்றல் குன்றியது. 1867 ஆகஸ்ட் 25ஆம் நாள், அரசி விக்டோரியா அவருக்கு அளித்திருந்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். லண்டன் ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லின் கீழ் உறங்குகிறார்.

மாமாவின் வண்டியும் நம் ரிக்கார்டு நோட்டும்

இனி மீண்டும் மாமாவின் வண்டிக்கு வருவோம். அந்த முதியவர் செய்த மாற்றங்கள் மூன்று. முதலாவது, மெல்லிய வயரை எடுத்துவிட்டுத் தடித்த கேபிள் போட்டார். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போகவர 10 மீட்டர் இருந்தால் அதன் மின்தடை சுமார் 0.17 ஓம். அதில் 15 ஆம்பியர் அனுப்ப முயன்றால் 2.5 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 14 வோல்ட்டில் எஞ்சுவது பாட்டரியை ஏற்றப் போதாது. பத்து சதுர மில்லிமீட்டர் கேபிளானால் இழப்பு கால் வோல்ட்தான். இரண்டாவது, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரு பாட்டரிகளையும் இணைத்து, நின்றவுடன் பிரித்துவிடும் ரிலே ஒன்றை வைத்தார். எங்கள் விளக்கு எரிந்தாலும் வண்டியின் பாட்டரி தப்பியது. மூன்றாவது, இரண்டு பாட்டரிகளுக்கும் அருகிலேயே ஒவ்வொரு ஃபியூஸ் வைத்தார். கேபிள் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால் இரு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாய்ந்து தீப்பிடிக்கும் அல்லவா? போகும்போது, பாட்டரியைக் காற்றோட்டமாகக் கட்டி வைக்குமாறும், அருகில் பீடி பற்ற வைக்கக் கூடாதென்றும் மாமாவை எச்சரித்தார். ஏறி முடியும் தறுவாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதுவும் மின்னாற்பகுப்பே.

அந்த முதியவர் பாரடேயைப் படித்தவராக இருக்கமாட்டார். கையால் செய்து, தவறி, மறுபடி செய்து கற்றவர். பாரடேயும் அப்படிக் கற்றவர்தாம். ஆனால் பாரடே ஒன்றை மேலும் செய்தார். எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டில் எண்ணிட்ட பத்திகள் பதினாறாயிரத்திற்கும் மேற்பட்டவை. வெற்றிகளைப் போலவே, விளைவு ஏதுமில்லை என்ற குறிப்புகளும் அவற்றில் நேர்மையாக இடம்பெற்றுள்ளன. 1825இல் தோற்றதை மறைக்காமல் எழுதியவருக்கே 1831இல் அந்த ஊசி துள்ளியது.

தோழர்களே, நாம் செய்வது என்ன? செய்முறைத் தேர்வில் விடை முன்பே தெரியும் என்பதால், அதற்குப் பொருந்துமாறு அளவீடுகளைத் திருத்தி ரிக்கார்டு நோட்டில் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். கடந்த பருவத்தில் மின்தடை காணும் சோதனையில் எனக்கு வந்த அளவு புத்தக அளவோடு பொருந்தவில்லை. பக்கத்து மாணவனின் எண்களைப் பார்த்து எழுதினேன். பாரடேயின் வாழ்க்கையைப் படித்த பின் ஒரு நாள் பேராசிரியரிடம் அனுமதி பெற்று அச்சோதனையை மறுபடி செய்தேன். இணைப்பு முனை ஒன்று துருப்பிடித்திருந்தது. மாமாவின் வயரில் நடந்தது போன்ற இழப்பே இங்கும்! திருத்தி எழுதியபோது நான் தொலைத்தது மதிப்பெண் அன்று. அந்தத் துருவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைத்தான்.

ஜெகதாப்பட்டினத்துப் படகு பழுது பார்க்கப்பட்டு, பாட்டரி அதன் சொந்தக்காரரிடமே திரும்பிச் சென்றது. அது எங்கள் வீட்டில் ஏற்றி வைத்த கேள்விகள் மட்டும் என்னிடம் தங்கிவிட்டன. புத்தகம் கட்டிய ஓர் ஏழைச் சிறுவன் ஏழு காசுகளைக் கொண்டு தொடங்கினான். நமக்கோ கல்லூரி இருக்கிறது; நூலகம் இருக்கிறது; கேட்டால் விளக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கண்டதைக் கண்டபடி எழுதும் துணிவை மட்டும் நாம் சேர்த்துக்கொள்வோமாக.